கேதத்துக்கு ஆள் வந்த வீடும் வராத வீடும்: துக்க நாட்களைக் கடக்க ஒரு முழு வழிகாட்டி

அம்மா இறந்த அன்று எங்கள் முற்றத்தில் போட்ட நாற்காலி போதாமல் பக்கத்து வீட்டுத் திண்ணையிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு 41-ஆவது நாள் டாமி செத்தது. பதின்மூன்று வருஷம் அம்மா கையால் சோறு தின்ற நாய். அன்று எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரே ஒருவர், அவரும் மண்வெட்டி இரவல் கேட்டு வந்தவர். விஷயம் தெரிந்ததும், "நாயிதானே மக்கா, வேற ஒண்ண வாங்கி வளத்தா போச்சு" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியோடு போய்விட்டார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கேதம் கேட்க (துக்கம் விசாரிக்க) ஊரே வந்த துக்கமும் யாருமே வராத துக்கமும் ஒரே வீட்டில், இரண்டு மாதத்துக்குள் நடந்ததால் ஒரு விஷயம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அம்மாவின் சாவில் எனக்குக் கை கொடுத்தது யாரோ சொன்ன ஆறுதல் வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் இது, ஏழாம் நாள் இது, முப்பதாம் நாள் இது என்று சமயம் வைத்திருக்கும் நாள் கணக்குதான். டாமிக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. அதை நாங்களே உண்டாக்க வேண்டியிருந்தது.

எங்கள் வீடு கலப்பு வீடு. அப்பா அய்யா வைகுண்டரைக் கும்பிடும் அய்யா வழி, அம்மா ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்). இரண்டு பக்கமும் எங்களை வளர்த்தது. சுற்றிலும் இந்து வீடுகள், நாலு தெரு தள்ளி பள்ளிவாசல். குமரி மாவட்டத்தில் இது அதிசயம் ஒன்றும் இல்லை. அதனால் இங்கே சொல்வது எந்த ஒரு சமயத்துக்கும் மட்டுமானது அல்ல. உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: முதல் மூன்று நாள் எதையும் யோசிக்காதீர்கள்

"ஏன் என் வீட்டில்?" என்ற கேள்வி முதல் நாளே வந்துவிடும். அதற்கு அன்றே பதில் தேட வேண்டாம். இந்த மூன்று நாளில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் கஞ்சியையும் கருப்பட்டிக் காப்பியையும் மறுக்காமல் குடிப்பது, போனை வேறு ஒருவர் கையில் கொடுப்பது, இரவில் யாராவது ஒருவரைக் கூடப் படுக்கச் சொல்வது. துட்டி வீட்டில் அடுப்பு மூட்டாமல் பக்கத்து வீட்டார் சாப்பாடு கொடுக்கும் வழக்கத்தை யார் தொடங்கினார்களோ, அவர்களுக்குத் துக்கம் என்றால் என்ன என்று தெரிந்திருக்கிறது.

அழுகையை அடக்காதீர்கள். "விசுவாசம் இருந்தா அழக் கூடாது" என்று சொல்ல ஒருவர் கட்டாயம் வருவார். லாசருவின் கல்லறைக்குப் போன இயேசு கண்ணீர் விட்டதாக யோவான் எழுதியிருக்கிறார், அதுவும் அவனை எழுப்பப் போவது தெரிந்திருந்தும். தம் குழந்தை இப்ராஹீம் இறந்தபோது நபிகள் நாயகம் கண் கலங்கினார். பார்த்து ஆச்சரியப்பட்டவர்களிடம், இது இரக்கம் என்றார். இதற்கு மேல் யாருடைய அனுமதி உங்களுக்கு வேண்டும்?

"கடவுள் சித்தம்", "நல்ல சாவு", "அவங்க ஆயுசு அவ்வளவுதான்" போன்ற வார்த்தைகள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். சண்டை போட வேண்டாம், தலையாட்ட வேண்டும் என்றும் இல்லை. எங்கள் மைனி (அண்ணி) ஒரு வழி வைத்திருந்தார். யார் என்ன சொன்னாலும், "இருங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்பார். சொல்ல வந்தவர்களும் காப்பியோடு அமைதியாகிவிட்டார்கள்.

இரண்டாம் படி: யார் முறைப்படி என்பதைச் சண்டையில்லாமல் முடிவு செய்யுங்கள்

கலப்பு வீடுகளில் துக்கத்தை விட இது பெரிய தலைவலி ஆகிவிடும். அய்யா வழியில் இறந்தவரை எரிப்பதில்லை. வடக்கு நோக்கி உட்கார்ந்த நிலையில் அடக்கம் செய்வார்கள். தர்மயுகத்தில் எழுவார் என்ற நம்பிக்கை அதன் பின்னால் இருக்கிறது. அம்மாவுக்கோ கோயில் (சர்ச்) கல்லறைத் தோட்டம், பாதிரியார், பூசை (திருப்பலி). அப்பாவின் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் முற்றத்திலேயே பேச்சைத் தொடங்கிவிட்டார்கள். அப்பா ஒரே வரியில் முடித்தார்: "அவ எப்பிடிக் கும்பிட்டாளோ அப்பிடியே போட்டும்."

நான் தரக்கூடிய ஒரே விதி இதுதான். போனவரின் நம்பிக்கைப்படி அடக்கம் நடக்கட்டும். இருப்பவர்கள் அவரவர் நம்பிக்கைப்படி அழட்டும். அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் அப்பா தலைப்பாகை கட்டிக்கொண்டு தனியாக அய்யா வழியின் தலைமைப் பதியான சாமிதோப்புக்குப் போய்விட்டு வந்தார். அங்கே பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாற்பது வருஷம் கும்பிட்ட கண்ணாடிதான். அன்றைக்குத்தான் அதில் அழுகிற முகத்தைப் பார்த்ததாக அப்பா சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

காகித வேலைகளைப் பற்றி ஒரு வார்த்தை: இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள், அதற்குப் பிறகு தாமதக் கட்டணமும் அலைச்சலும் சேரும். வாரிசுச் சான்றிதழ், வங்கி, ரேஷன் கார்டு எல்லாம் பிறகு மெதுவாக. அழுகை குறைவாக வருகிற ஒருவரிடம் இந்த வேலையை ஒப்படையுங்கள். எல்லா வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார்.

மூன்றாம் படி: நாட்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்

எங்கள் பக்கத்து இந்து வீடுகளில் சஞ்சயனம் என்று எலும்பு பொறுக்கி, சாம்பலைக் கன்னியாகுமரி முக்கடலிலோ ஆற்றிலோ கரைத்து, பதினாறாம் நாள் அடியந்திரம் (கருமாதி) நடத்துவார்கள். ஆர்.சி. வீடுகளில் மாலை தோறும் ஜெபமாலை, ஏழாம் நாள் பூசை, முப்பதாம் நாள் பூசை. பள்ளிவாசல் தெருவில் மூன்று நாள் துக்கம், கணவனை இழந்த பெண்ணுக்கு நான்கு மாதம் பத்து நாள் இத்தா என்னும் காத்திருப்பு. பல வீடுகளில் கத்தம் (குர்ஆன்) ஓதி நேர்ச்சைச் சாப்பாடு கொடுப்பதும் உண்டு.

வெளியிலிருந்து பார்த்தால் இவை சடங்கு. உள்ளே இருப்பவருக்கு, அடுத்த ஐந்தாறு நாளைக்கு என்ன செய்வது என்று தெரிந்திருப்பதே பெரிய விஷயம். ஏழாம் நாளுக்கு யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும், பூ தோவாளைச் சந்தையிலிருந்தா பக்கத்துக் கடையிலா, சாப்பாடு வீட்டிலா மண்டபத்திலா என்று ஓடிக்கொண்டிருக்கும்போது உடம்பு தானாக ஒரு வாரத்தைத் தாண்டிவிடுகிறது. இதைச் செய்யும்போது மனசுக்கு ஒன்றும் தோன்றாமல் போகலாம். அது குறை இல்லை. ஜெபமாலை மணியை விரல் உருட்டுகிறது, வாய் அருள் நிறை மரியே சொல்கிறது, மனசு எங்கோ இருக்கிறது. பரவாயில்லை, விரல் உருட்டினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. கடன் வாங்கி அடியந்திரம் நடத்தாதீர்கள். ஊரைக் கூட்டிச் சோறு போட்டு, ஆறு மாதம் வட்டி கட்டுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். துக்கத்தின் மேல் கடன் சேர்ந்தால் எதற்காக அழுகிறோம் என்றே தெரியாமல் போகும். பத்துப் பேருக்குக் கஞ்சியும் பயறும் கொடுத்தாலும் அது தர்மம்தான்.

அப்புறம் வருவதுதான் கடினமான காலம். பதினாறு முடிந்து, முப்பது முடிந்து, பந்தலைப் பிரித்து, சென்னையிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்தவர்கள் திரும்பிப் போன பிறகு வீடு காலியாகும். சமயம் கொடுத்த நாள் கணக்கு இங்கே இடைவெளி விடுகிறது. அடுத்த பெரிய நாள் வருஷ நினைவு. இந்த இடைவெளியை நீங்களே நிரப்ப வேண்டும். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது வெள்ளிக்கிழமை சாயங்காலம் கல்லறையில் பத்து நிமிஷம். கோட்டாறு சவேரியார் கோயில், தக்கலை பீர்முகம்மது அப்பா தர்கா, பக்கத்து நிழல்தாங்கல் (அய்யா வழியின் சிறு வழிபாட்டு இடம்), குலதெய்வக் கோயில் என்று உங்கள் கால் பழகிய இடம் எதுவானாலும் சரி. நாட்டுக்கே ஒரு துக்கம் வந்தபோதும் இதைத்தான் செய்தார்கள். காந்தியின் அஸ்தி 1948 பிப்ரவரியில் குமரிக் கடலில் கரைக்கப்பட்டது. கரைத்த பிறகும் ஒரு இடம் தேவைப்பட்டது. அஸ்தி வைத்திருந்த இடத்தில் 1956-இல் மண்டபம் எழுந்தது, அக்டோபர் 2 நண்பகலில் அந்த இடத்தின் மேல் வெயில் விழும்படி.

நான்காம் படி: சாமியிடம் சண்டை போடுங்கள்

கோபம் வந்தால் பக்தி குறைந்துவிட்டது என்று பலர் பயப்படுகிறார்கள். சங்கீதங்களைப் புரட்டிப் பாருங்கள், எத்தனை இடத்தில் "எதுவரைக்கும் ஆண்டவரே" என்று கத்தல். யோபு கடவுளை நேருக்கு நேர் நிறுத்திக் கேட்கிறார். நம் பாட்டிமார் பாடிய ஒப்பாரியில் எமனுக்கும் சாமிக்கும் கிடைக்காத திட்டா? மாரடித்துத் திட்டிய அதே பாட்டி மறுநாள் காலையில் விளக்கும் ஏற்றினாள். திட்டுவதற்கு எதிரில் ஒருவர் இருக்கிறார் என்று நம்பியவள் அவள்.

செய்முறை எளிது. ஒரு காகிதம் எடுத்து, சாமிக்கு மனு மாதிரி எழுதுங்கள். நல்ல தமிழ் வேண்டாம், வாயில் வருவது போதும். எழுதியதை யாரிடமும் காட்ட வேண்டாம். என் காகிதத்தில் முதல் வரி, "அம்மாவுக்குக் கொஞ்சம் வலி இல்லாமல் கொடுத்திருக்கலாம், உமக்கு என்ன நஷ்டம்?" அதைக் கல்லறையில் மெழுகுவர்த்தித் தீயில் எரித்தேன். பதில் வந்ததா என்றால் இல்லை. ஆனால் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

ஐந்தாம் படி: வளர்த்த உயிர் போனால்

இதை நீளமாகச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் இதற்கு வழி சொல்ல ஆளில்லை.

முதலில் நான் செய்த தப்பு. அம்மா போன பிறகு டாமி சாப்பாட்டைக் குறைத்தது. அம்மா கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. "பாவம், அதுக்கும் துக்கம்" என்று எல்லோரும் சொன்னோம், பார்க்க வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குத் துக்கம் இருந்தது உண்மைதான், நாய்கள் ஆளைத் தேடும். ஆனால் மூன்றாவது வாரம் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனபோது சிறுநீரகம் பெரும்பகுதி கெட்டுவிட்டிருந்தது. வீட்டில் ஒருவர் இறந்த பிறகு வளர்ப்பு நாயோ பூனையோ சாப்பிடாமல் இருந்தால் ஒரு நாள் பாருங்கள், இரண்டாம் நாள் மருத்துவரிடம் போங்கள். பூனைக்கு இது இன்னும் அவசரம், சில நாள் பட்டினி கிடந்தாலே ஈரல் கெடும். உணவை இறந்தவர் கொடுத்த அதே நேரத்தில், அதே சட்டியில் கொடுங்கள். அவர் உடுத்திய துணி ஒன்றைத் துவைக்காமல் அதன் படுக்கையில் போட்டு வையுங்கள்.

அந்த மூன்று வாரம் என்னை மாதக்கணக்காகத் தின்றது. வாயில்லாத உயிர், நாம் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியது என்பதால் குற்ற உணர்ச்சி இங்கே இரட்டிப்பாக வருகிறது. ஊசி போட்டு அனுப்பி வைக்க முடிவு எடுத்தவர்களுக்கு இன்னும் அதிகம். ஆர்.சி. பழக்கம் எனக்கு ஒரு வழி கொடுத்தது: பாவசங்கீர்த்தனம், அதாவது பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது. போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கு உனக்கு என்ன தெரிந்திருந்தது, இன்றைக்கு என்ன தெரியும், இரண்டையும் தனித்தனியாக எழுதிப் பார் என்றார். இந்த வழக்கம் இல்லாதவர்கள் நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் போய்ச் சொல்லலாம். வாய்விட்டு ஒருவரிடம் சொல்வதுதான் முக்கியம்.

அடக்கம் செய்யும் முறை: நம் ஊர் வெயிலில் உடலை அதிக நேரம் வைக்க முடியாது, அன்றைக்கே முடித்துவிடுங்கள். கையுறை அல்லது பிளாஸ்டிக் பை போட்டுக்கொண்டு தொடுங்கள், எலிக்காய்ச்சல் மாதிரி நோய்கள் சிறுநீர் வழியாக ஒட்டும். கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளி, மழைத் தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்து, மூன்று நான்கு அடி ஆழம் தோண்டுங்கள். ஆழம் குறைந்தால் தெரு நாய் கிளறும். ஊசி போட்டு இறந்த உடல் என்றால் கிளறித் தின்கிற உயிரும் சாகக்கூடும். பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் உறை வேண்டாம். வெறிநோய் என்று சந்தேகம் இருந்தால் நீங்களே எதுவும் செய்யாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். எச்சில் பட்டிருந்தால் அந்த இடத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். வாடகை வீடு, தோட்டம் இல்லை என்றால் ஊராட்சியிலோ நகராட்சியிலோ கேளுங்கள். ஆற்றிலும் கடலிலும் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

சரி, பிரார்த்தனை? மனுஷனுக்குச் செய்கிற முழுச் சடங்கை நாய்க்குச் செய்யச் சொல்லிப் பூசாரியையோ பாதிரியாரையோ நெருக்க வேண்டாம், அவர்களுக்கும் சங்கடம். வீட்டார் மட்டும் நின்று, அதன் பெயரைச் சொல்லி, அது எப்படி வீட்டுக்கு வந்தது என்று ஒருவர் சொல்லி, ஒரு விளக்கு ஏற்றி, தெரிந்த ஜெபம் ஒன்று சொன்னால் போதும். பதினாறாம் நாளை நாங்கள் டாமிக்கும் எடுத்துக்கொண்டோம். அப்பா ஒரு பானை சோறும் கோழிக் குழம்பும் வைத்துச் சந்திப்புத் தெரு நாய்களுக்குப் போட்டார். (வெங்காயம் சேர்க்காமல். நாய்க்கு அது ஆகாது.) அய்யா வழியில் தர்மத்துக்குத்தான் முதல் இடம், அதனால் அப்பாவுக்கு இது புதுச் சடங்காகவே தோன்றவில்லை.

நாய்க்கு மோட்சம் உண்டா என்று அண்ணன் மகள் கேட்டாள். தருமர் சொர்க்க வாசலில் நாயை விட்டுவிட்டு உள்ளே வர மாட்டேன் என்று நின்ற கதையை அப்பா சொன்னார். வெள்ளம் வடிந்த பிறகு நோவாவோடு மட்டும் இல்லாமல் பேழையிலிருந்து இறங்கிய எல்லா உயிரோடும் கடவுள் உடன்படிக்கை செய்தார் என்று நான் சொன்னேன். தாகத்தில் கிடந்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் பாவத்தை அல்லாஹ் மன்னித்த செய்தியைப் பள்ளிவாசல் தெரு மாமி சொல்லியிருந்தார். ஒருவரும் "உண்டு" என்று சத்தியம் செய்யவில்லை. அவளுக்கு அது போதுமாக இருந்தது. குழந்தைகளிடம் "தூங்குது", "ஊருக்குப் போயிருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். பிறகு தூங்கப் பயப்படுவார்கள், இல்லையென்றால் வாசலில் காத்திருப்பார்கள். செத்துப்போச்சு என்றே சொல்லி, குழியில் ஒரு பிடி மண் போட விடுங்கள், விருப்பம் இருந்தால்.

உடனே புதுக் குட்டி வாங்குவது பற்றி என் அபிப்பிராயம்: ஆறு மாதமாவது பொறுங்கள். பழையதின் பெயரைச் சொல்லிப் புதியதைக் கூப்பிடுகிற நிலையில் வாங்கினால் இரண்டுக்கும் நியாயம் இல்லை.

ஆறாம் படி: உடல் கிடைக்காதவர்களுக்கு

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதை எழுத எனக்குத் தகுதி குறைவு, ஆனாலும் விட்டுவிட முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் குளச்சல் பக்கம் பலரை ஒரே குழியில் அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் ஆழ்கடலுக்குப் போன தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்க்காரர்கள் பலர் திரும்பவே இல்லை. கல்லறை இல்லாத துக்கத்துக்கு நாள் கணக்குத் தொடங்கவே மாட்டேன் என்கிறது. எந்த நாளிலிருந்து எண்ணுவது? சட்டமும் பொதுவாகக் காணாமல் போனவரை ஏழு வருஷம் கழித்துத்தான் இறந்தவராக எடுத்துக்கொள்கிறது.

இப்படிப்பட்ட வீட்டில் "ஏத்துக்கோ" என்று யாரும் அவசரப்படுத்தக் கூடாது. காத்திருப்பதும் பூசைக்குக் கொடுப்பதும் ஒரே சமயத்தில் நடக்கலாம். பெயர் சொல்லிப் பூசைக்குக் கொடுத்தால் நம்பிக்கையை விட்டுவிட்டதாக அர்த்தம் இல்லை. கடலைப் பார்த்த ஒரு இடத்தில் சிலுவையோ ஒரு தென்னையோ வைத்து அதை அவருடைய இடமாக்கிக்கொள்ளலாம். நாளைக் குடும்பமே முடிவு செய்யட்டும், சில வீட்டில் அது அவர் கடைசியாகக் கரையை விட்ட நாள்.

ஏழாம் படி: மருத்துவர் தேவைப்படும்போது

பல மாதம் ஆகியும் சாப்பாடு, தூக்கம், வேலை மூன்றும் சேரவில்லை, நாள் முழுக்க அதே ஏக்கம், அவரோடு போய்விட வேண்டும் என்ற நினைப்பு என்றால் அதற்கு மேல் ஜெபம் மட்டும் போதாது. நீடித்த துக்கத்தை ஒரு நோய் நிலையாகவே மருத்துவ உலகம் இப்போது பட்டியலிட்டிருக்கிறது. ஆறு மாதம் தாண்டியும் வாழ்க்கை நகரவில்லை என்பது ஒரு அளவுகோல். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம், அன்றே 14416-க்குப் பேசுங்கள். டெலிமானஸ் எண், இலவசம், தமிழில் பேசலாம். 104-லும் பேசலாம். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்கிறவர்கள்தானே நாம், மனசுக்கு மட்டும் ஏன் மாத்திரையை ஒதுக்க வேண்டும்?

எட்டாம் படி: வருஷம் திரும்பும்போது

முதல் வருஷ நாள் நெருங்கும்போது பத்து நாளுக்கு முன்பே உடம்பு சொல்லிவிடும். அந்த நாளை விடுப்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி.க்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள் இருக்கிறது, ஊரே கல்லறையில் மெழுகுவர்த்தியோடு நிற்கும்போது தனியாக அழுவது போல் இருக்காது. இந்துக்களுக்கு ஆடி அமாவாசை, தை அமாவாசை. முக்கடலில் கூட்டம் தாங்காது. வயசானவர்களை அழைத்துப் போனால் விடியுமுன் போய்விடுங்கள், பாறையில் பாசி வழுக்கும்.

குழித்துறையில் ஆடி அமாவாசையை வாவுபலி என்போம். தாமிரபரணி ஆற்றில் பலி போட்டுவிட்டு, அங்கே நடக்கும் பொருட்காட்சியில் மரக்கன்று வாங்கிக்கொண்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பாவுக்குப் பலி போடும் பழக்கம் கிடையாது. ஆனாலும் அந்த வருஷம், "கன்னு மட்டும் வாங்கிட்டு வருவோம்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அம்மாவுக்குப் பிடித்தது வருக்கைப் பலா. ஒரு கன்று வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். டாமியைப் புதைத்த இடத்திலிருந்து இரண்டு எட்டுத் தள்ளி நட்டோம்.

இப்போது அது என் இடுப்பு உயரம். தினமும் சாயங்காலம் அப்பா கிணற்றில் வாளி விட்டு இறைத்து, டாமியின் நசுங்கிய அலுமினியச் சட்டியால் கோரி ஊற்றுகிறார். நல்ல செம்பு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அது இன்னும் கிணற்று மேட்டில் அப்படியே கவிழ்ந்து கிடக்கிறது.